இந்த லோங்காங் யாருடையது?

பினாங்கில் மாநகர் மன்றக் கவுன்சிலர் பதவிக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ஆண்டு முடியும் நேரத்தில் கட்சியிலிருந்து ஒரு போன் வரும். ஜனவரியில் பாடாங் கோத்தா லாமா பழைய மாநகர் மண்டபத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு பதவிப் பிரமாணம் எடுப்போம். நியமனம் ஓராண்டுக்குத்தான். மறு ஜனவரிக்கும் பெயர் இருக்குமா என்பது அந்த டிசம்பரில்தான் தெரியும். நான் சில தவணைகள் இருந்துவிட்டு விலகியவள். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக நியமனம் பெறும் தம்பி தங்கைகள் யாராவது அழைத்து, "அக்கா, என்ன செய்யணும், எங்க ஆரம்பிக்கணும்?" என்று கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதல் மாதம் மாலையும் பொன்னாடையும் வரும். அடுத்த மாதம் லோங்காங், அதாவது சாக்கடை வடிகால், வரும்.

பாயா தெருபோங் மலையடிவாரத்தில் ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. மழை கொஞ்சம் பலத்தால் போதும், பின் சந்து லோங்காங் பொங்கி நாலைந்து வீடுகளின் அடுப்படிக்குள் வந்துவிடும். புகார் பழசு, எனக்கு முன்னிருந்தவர் காலத்தது. ஒரு சனிக்கிழமை காலை நான் போய் நின்றபோது மன்றத்துப் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். வடிகால் நீர்ப்பாசனத் துறையிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். சந்து லோங்காங் எங்களுடையது, அது போய் விழும் பெரிய கால்வாய் எங்களுடையதல்ல என்றார் முதலாமவர். பெரிய கால்வாய் எங்களுடையதுதான், ஆனால் அடைப்பு இருப்பது அதற்கு முந்தைய பெட்டி மதகில், அது வீடமைப்பு நிறுவனம் கட்டியது, இன்னும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை என்றார் இரண்டாமவர். இருவர் சொன்னதும் சரி. அதுதான் வில்லங்கமே.

கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, தண்ணி என்ன ஐசி (அடையாள அட்டை) காட்டிட்டா வீட்டுக்குள்ள வருது?"

அன்றைக்குப் பேசியதில் எதுவும் நடக்கவில்லை. நடக்க வைத்தது ஒரு தாள். மூவரும் மதகின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். மண், ஒரு உடைந்த கதவுப் பலகை, போலிஸ்டைரின் பெட்டிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வேர். நான் கையோடு கொண்டுபோயிருந்த நோட்டில் இடம், தேதி, வந்தவர்களின் பதவி, பார்த்தது என்ன, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள் என்று நாலு வரி எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். அதை மறுநாளே மின்னஞ்சலில் மூன்று இடத்துக்கும் அனுப்பினேன். அதற்கு அப்புறம் "எங்களுடையதல்ல" என்று யாரும் பதில் எழுதவில்லை. யாருடையதோ அதை யார் முதலில் சுத்தம் செய்வது என்று மட்டும் பேச்சு மாறியது. அடைப்பு போனது. மதகை முறையாக ஒப்படைக்கும் கதை வேறு. அது வருடக்கணக்கில் ஓடியது.

ஆகவே புதிதாக வருபவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது எது எவருடையது என்பதை. உட்சாலையும் சந்தும் தெரு லோங்காங்கும் குப்பையும் மன்றம். ஆறும் பெருங்கால்வாயும் வடிகால் துறை. கூட்டரசு நெடுஞ்சாலை பொதுப்பணித் துறை. குழாய்த் தண்ணீர் பினாங்கு நீர் விநியோக நிறுவனம். மலக்குழாய் பொங்கினால் இண்டா வாட்டர். மின்கம்பம் தெனாகா, ஆனால் எல்லாத் தெருவிளக்கும் தெனாகா அல்ல. மக்களுக்கு இந்தப் பிரிவினை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் வரி கட்டுகிறார்கள், ஆண்டுக்கு இரண்டு தடவை, பிப்ரவரி முடிவுக்குள் ஒன்று, ஆகஸ்டு முடிவுக்குள் ஒன்று. "அது எங்க வேலை இல்ல" என்று கவுன்சிலர் சொன்னால் அவர்கள் காதில் "வரி மட்டும் வாங்குவோம்" என்றுதான் விழும். யாருடைய வேலையோ அவரிடம் நீங்களே தள்ளிவிட்டு, யாரிடம் தள்ளினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தெருவிளக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. "எங்க ரோட்டுல லைட்டு எரியல" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். எந்த ரோடு, எந்தக் கம்பம்? விளக்குக் கம்பத்தில் ஓர் எண் எழுதியிருக்கும். அந்த எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வேலை பாதி முடிந்தது. குழிக்கும் அப்படித்தான். குழியை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது செவ்வாய்க் கிரகத்திலும் இருக்கலாம். பக்கத்துக் கடைப் பலகையும் சேர்ந்து தெரிய வேண்டும். புகாரை நீங்களே நேரடியாக அதிகாரிக்கு வாட்ஸ்அப் செய்வதோடு விடாதீர்கள், மன்றத்தின் புகார் முறையிலும் பதியச் செய்து எண் வாங்குங்கள். அதிகாரி மாற்றலாகிப் போனால் வாட்ஸ்அப்பும் அவரோடு போய்விடும்.

ஓட்டில்லாத பதவி என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் நகராட்சித் தேர்தல் 1857இலேயே நடந்திருக்கிறது. பிறகு 1913இல் நிறுத்தினார்கள். போருக்குப் பின் 1951இல் ஜோர்ஜ்டவுனில் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். 1957 ஜனவரி முதல் தேதி நகரம் மாநகரானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர், ஆசிரியர், நம்மவர். மக்கள் ஓட்டுப் போட்ட மன்றத்திலிருந்து வந்த மேயர். பழைய ஸ்காட் ரோடு இன்றைக்கு அவர் பெயரில் இருக்கிறது. அந்த வழியாகத் தினம் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும் என்பது எனக்கு ஒரு தீராத ஆதங்கம்.

1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆண்டே அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். அந்த ஆணையமும் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. வந்ததோ 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், 171ஆம் சட்டம் என்போமே, அது. மாநில அரசு நியமிக்கும், எட்டுக்குக் குறையாமல் 24க்கு மேற்படாமல் உறுப்பினர்கள், தேர்தல் கிடையாது. பினாங்கு மாநிலம் 2012இல் தனிச் சட்டம் போட்டுத் தேர்தலைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், நம் கையில் மக்கள் கொடுத்த அதிகாரம் என்று ஒன்று கிடையாது. "நான் ஜெயிச்சு வந்தவன்" என்று யாரிடமும் மேசையைத் தட்ட முடியாது. தாளும் தேதியும் கூட்டக் குறிப்பும்தான் நம் பலம். (செந்தூலில் இருக்கும் என் மைத்துனர், "உங்களுக்காவது கவுன்சிலர் இருக்காங்க" என்பார். கோலாலம்பூரில் அதுவும் இல்லை. மேயரும் ஆலோசனை வாரியமும்தான்.)

கூட்டக் குறிப்பு என்றேன். மாதாந்திர முழு மன்றக் கூட்டம் பார்க்க அழகாக இருக்கும், நிருபர்கள் வருவார்கள், பேசினால் மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும். ஆனால் அங்கே வருவதில் பெரும்பாலானது ஏற்கனவே குழுக்களில் முடிவாகிவிட்டது. உரிமக் குழு, பொறியியல் குழு, திட்டமிடல் குழு என்று நீங்கள் போடப்படும் இடங்களில்தான் சமையல். முழு மன்றம் பந்தி. குழுக் கூட்டத் தாள்கள் தலையணை கனத்தில் வரும், மலாயில், சுருக்கெழுத்துக்கள் நிறைய. படிக்காமல் வந்து உட்கார்ந்து தலையாட்டுகிறவர்களை அதிகாரிகள் இரண்டாவது கூட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் உங்களுக்கு மரியாதை கிடைக்கும், பதில் கிடைக்காது. முழுவதும் படிக்க முடியாதபோது நான் செய்தது: உங்கள் தொகுதியின் சாலைப் பெயர்களைத் தேடுங்கள், அந்தப் பக்கங்களை மட்டும் வரிவரியாகப் படியுங்கள்.

முழு மன்றக் கூட்டம் சட்டப்படி பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. இது நம் மக்களில் பலருக்குத் தெரியாது. குடியிருப்பாளர் சங்கத்தினர் நாலு பேர் வந்து பின்னால் உட்கார்ந்தாலே, அன்றைக்கு அவர்கள் விவகாரத்துக்கு வரும் பதிலின் தரம் கூடும்.

மேம்பாட்டுத் திட்டம் வரும்போதும் இதே கதைதான். மலைச்சரிவில் அடுக்குமாடி வரப்போகிறது என்றதும் பேனர் கட்டுவார்கள், கோவில் மண்டபத்தில் கூட்டம் போடுவார்கள், என்னைக் கூப்பிட்டு மாலை போடாமல் திட்டுவார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் நகர் கிராமத் திட்டமிடல் சட்டத்தில் பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்பு வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். கொடுத்தவரை அழைத்துக் கேட்டாக வேண்டும். பேனருக்கு அந்த உரிமை இல்லை. அறிவிப்பு போவது நிலப்பட்டாவில் பெயர் உள்ளவருக்கு, வாடகைக்கு இருப்பவருக்கு அல்ல. அப்பா பெயரிலேயே பட்டா கிடந்து, அப்பா காலமாகி, பழைய முகவரிக்குக் கடிதம் போய்த் திரும்பிய வீடுகள் நம்மவர்களிடம் ஏராளம். தொகுதிக்குள் சுற்றும்போது "வீட்டுப் பட்டா யார் பேருல இருக்கு?" என்று கேட்டுப் பழகுங்கள். துருவுகிறமாதிரி தெரியும், பரவாயில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை உரிமக் குழு. அங்கேதான் மனிதர்கள் தெரிவார்கள். சாலையோரம் தோசையும் அப்பமும் விற்ற ஒருவர் திடீரென்று இறந்துபோனார். மனைவி பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு மறுபடி கல்லைப் போட்டுவிட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பஸ் காசு கட்ட வேண்டாமா? உரிமமோ கணவர் பெயரில். அங்காடி உரிமம் ஆளுக்கானது, கடைக்கானதல்ல, சொத்து மாதிரி வாரிசுக்கு இறங்காது. அமலாக்கத்தினர் வந்து வண்டியைத் தூக்கப் பார்த்தார்கள். அந்த அம்மா அவர்களிடம் சண்டை போடவில்லை. மூன்று தட்டில் தோசை வைத்து நீட்டினார். அவர்கள் வாங்கவில்லை, வண்டியையும் தூக்கவில்லை, ஒரு வாரம் தவணை கொடுத்துப் போனார்கள்.

அந்த ஒரு வாரத்தில் ஒரு கோப்பு தயார் செய்தோம். இறப்புச் சான்று, திருமணச் சான்று, அடையாள அட்டை, பழைய உரிமத்தின் நகல், டைபாய்டு தடுப்பூசி அட்டை, உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்று, கடையின் படம். பயிற்சிச் சான்று மட்டும் அவரிடம் இல்லை. பதினைந்து வருடம் அதே கல்லில் சுட்டவர், ஆனால் சான்று கணவரிடம்தான். அந்த வார இறுதியில் எங்கே பயிற்சி நடக்கிறது என்று தேடிப் பிடித்து உட்கார வைத்தோம். உரிமக் குழுவில் அவர் விண்ணப்பம் வந்தபோது கேள்வி கேட்க இடமில்லாமல் எல்லாம் இருந்தது, நிறைவேறியது. கண்ணீரோடு வந்து நிற்பவரை ஆறுதல் சொல்லி அனுப்புவதில் தப்பில்லை, ஆனால் கையில் என்னென்ன தாள் வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்தனுப்புங்கள். கணவன் மனைவி சேர்ந்து நடத்தும் கடை என்றால், உதவியாளராக மற்றவர் பெயரையும் முன்கூட்டியே பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேறொருவருக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பினாங்கு 2016இல் அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்த பிறகு, இது அடிக்கடி அம்பலமாகும். அப்போது என்னிடம் வருவார்கள். 171ஆம் சட்டத்தின் 107ஆம் பிரிவைக் காட்டுவேன். உரிமத்தை எந்த நேரமும் காரணம் சொல்லாமலே மன்றம் ரத்து செய்யலாம், இழப்பீடும் கிடையாது. இதைப் படித்தபின் குரல் தணியும்.

சம்மனை, அதாவது அபராதத்தை, குறைத்துத் தரச் சொல்லி அழைப்பு வரும், தினமும் வரும். சொந்தக்காரர்கள்தான் அதிகம். "அங்கிள், கவுண்டருக்குப் போய் மேல்முறையீட்டுப் பாரத்தை நிரப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரு சம்மனுக்கு அமலாக்க அதிகாரியை அழைத்தால், அப்புறம் நியாயமான விஷயத்துக்கு அழைக்கும்போது உங்கள் குரல் அவருக்கு அதே குரலாகத்தான் கேட்கும்.

அடுக்குமாடி லிஃப்ட். இதற்கு ஒரு பத்தி போதாது, ஆனால் சுருக்கிச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் குடியிருப்பாளர்களின் கூட்டு நிர்வாகக் குழுவுடையவை. மன்றம் வந்து பழுது பார்க்காது. மன்றத்தில் இருப்பது கட்டட ஆணையர் பிரிவு. குழு கணக்கு காட்டவில்லை, ஆண்டுக்கூட்டம் போடவில்லை என்றால் அங்கே புகார் கொடுக்கலாம். மலிவு விலை, நடுத்தர விலை வீடுகளுக்குப் பெரிய பழுதின் செலவில் 80 விழுக்காடு வரை தரும் மாநில நிதி ஒன்று இருக்கிறது, மீதியைக் குடியிருப்பாளர்கள் போட வேண்டும். பராமரிப்புக் கட்டணமே பாதிப் பேர் கட்டாத பிளாட்டில் அந்த மீதி எங்கிருந்து வரும்? பத்தாவது மாடியில் டயாலிசிஸ் போய் வரும் பாட்டி இருக்கும் வீட்டுக்கு ஒரு நாள் ஏறிப் பாருங்கள், கட்டாதவர்கள் கதவைத் தட்டும் துணிச்சல் தானாக வரும்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த மழையைப் பினாங்கில் யாரும் மறக்க மாட்டார்கள். சுங்கை பினாங், ஜாலான் பி. ரம்லி பக்கம் எல்லாம் ஆறா சாலையா என்று தெரியவில்லை. அன்றைக்கு கவுன்சிலருக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. படகு தீயணைப்பு வீரர்களிடமும் ராணுவத்திடமும்தான் இருந்தது. நிவாரண மையத்துக்குச் சோறு எத்தனை பொட்டலம், பால் மாவு, பாம்பர்ஸ், சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்து என்று பட்டியல் எழுதினோம். நம் வேலை தண்ணீர் வடிந்த பிறகு வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மெத்தை, சோபா, குளிர்பெட்டி, சேறு ஊறிய அரிசி மூட்டை. மூன்று நாளில் நாற்றம் தாங்காது. சாதாரணக் குப்பை லோரி மெத்தையை ஏற்றாது, அதற்குத் தனியாக ரோரோ தொட்டி, அதாவது லோரியில் ஏற்றி இறக்கும் பெரிய குப்பைத் தொட்டி, வேண்டும். தொட்டிகள் கொஞ்சம், கேட்கும் தாமான்கள் நிறைய. எந்தச் சந்தில் ரோரோ வண்டி திரும்ப முடியும், எந்த வீட்டார் தங்கள் காரை நகர்த்த வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த தாமானுக்குத்தான் தொட்டி முதலில் வந்தது. மழைக்காலத்துக்கு முன் உங்கள் பகுதியின் தாழ்வான சந்துகளையும் அகலத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இப்போதே.

மேயர் விஷயத்துக்கு வருகிறேன். ராமநாதன் காலத்து மேயரும் இப்போதைய மேயரும் ஒரே நாற்காலி, வேறு பதவி. இன்றைய மேயரை நியமிப்பது மாநில அரசு. முழுநேர நிர்வாகி. பெரும்பாலும் மன்றத்திலேயே அதிகாரியாக வளர்ந்து வந்தவராக இருப்பார். ஏ. ராஜேந்திரன் மேயரானபோதும் மன்றச் செயலாளராக இருந்துதான் வந்தார். அவர் பதவி ஏற்றபோது நம்மவர்கள் வாழ்த்துப் பலகை வைத்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் தமிழர் மேயர் ஆகிவிட்டார், இனி நம் கோவில் சுவரும் நம் லோங்காங்கும் முதலில் என்று நினைத்து வந்தவர்களைச் சமாளிப்பது கவுன்சிலர்கள் தலையில்தான் விழும். மேயர் எவராக இருந்தாலும் கேட்கப்போவது மூன்று கேள்வி: நிலம் யாருடையது, இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் பணம் இருக்கிறதா, குழு என்ன சொன்னது. மூன்றுக்கும் பதிலோடு போனால் ஐந்து நிமிடத்தில் வெளியே வரலாம். பதில் இல்லாமல் போனால் ஒரு மணி நேரம் தேநீரோடு நல்ல பேச்சு நடக்கும், அவ்வளவே.

முழு மன்றத்தில் ஒரு துறையைக் குறை சொல்லப் போகிறீர்கள் என்றால் அதற்கு முதல் நாளே மேயர் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பயத்துக்காக அல்ல. சொன்னால் பதில் தயார் செய்து வருவார்கள், அது குறிப்பேட்டில் ஏறும், ஏறியதை அடுத்த மாதம் கேட்கலாம். சொல்லாமல் கேட்டால் "ஆராய்ந்து தெரிவிக்கிறோம்" என்ற வரிதான் ஏறும். பணம் வேண்டிய எந்த வேலையையும் ஆண்டின் நடுவிலேயே கேட்டுவிடுங்கள், அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் அப்போதே உருவாக ஆரம்பித்துவிடும். நவம்பரில் வந்து நடைபாதை கேட்பவர் மறு ஆண்டு நவம்பரிலும் கேட்டுக்கொண்டிருப்பார்.

தைப்பூசம் வந்தால் இந்திய கவுன்சிலர்களுக்குத் தனிக் காய்ச்சல். தண்ணீர்மலைக்குப் போகும் சாலைகளில் தண்ணீர்ப் பந்தல்கள் வரிசையாக வரும். அனுமதி, இட அளவு, ஒலிபெருக்கி, குப்பை என்று ஒவ்வொன்றும் பேச்சுவார்த்தை. மலாய், சீன கவுன்சிலர்கள் இதில் தலையிட மாட்டார்கள், "உங்க விழா, நீங்க பாருங்க" என்பார்கள். பந்தல் நடத்துபவர் இளைஞர் என்றால் ஒலிபெருக்கிதான் அவருக்குப் பந்தலே. சத்தத்தைப் பற்றிப் பேசாமல், பந்தல் பிரிக்கும் நேரத்தையும் குப்பை மூட்டை வைக்கும் இடத்தையும் முதலில் பேசுங்கள். அது முடிந்தால் சத்தம் பற்றிய பேச்சு சுலபமாகும். விழா முடிந்த மறுநாள் விடிகாலை அந்தச் சாலையைக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்களைப் போய்ப் பார்த்த கவுன்சிலர்கள் குறைவு. போய்ப் பாருங்கள், அடுத்த ஆண்டு பந்தல்காரர்களிடம் பேச உங்களுக்கு வார்த்தை கிடைக்கும்.

பணத்தைப் பற்றி: வரும் அலவன்ஸ் கல்யாண மொய், சாவு வீடு, பள்ளி விளையாட்டுப் போட்டிக் கிண்ணம், கோவில் அன்னதானம் என்று போய்விடும். சொந்த வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். நியமனம் ஓராண்டுக்குத்தான் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பொறுப்பு முடியும்போது புதிதாக வருபவருக்கு ஒரு பட்டியல் கொடுத்துவிட்டுப் போங்கள். நிலுவையில் உள்ள புகார் எண்கள், எந்தத் துறை, யாரிடம் நிற்கிறது, கையெழுத்துப் போட்ட குறிப்புகளின் நகல். நான் கொடுத்தபோது அடுத்து வந்த தம்பி வேறு கட்சிக்காரர். சந்தேகமாகப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். ஒப்படைக்கப்படாத அந்த மதகின் கோப்பு அவர் காலத்தில் இன்னும் இரண்டு மேசை நகர்ந்தது என்று கேள்விப்பட்டேன்.